சீராக இருந்தால் சரியாக இருக்குமா?

'பல கைகள்' என்று எழுதினால் ஒரு பொருள். இடைவெளியை எடுத்துவிட்டுப் 'பலகைகள்' என்று எழுதினால் வேறு பொருள். பழைய ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இல்லை. படிப்பவரே பிரித்துப் பொருள் கொள்ள வேண்டியிருந்தது. இடைவெளி படிப்பவருக்கு எவ்வளவு பெரிய உதவி என்பது இதிலிருந்து விளங்கும்.

கணிப்பொறிக்கு எழுதும் நிரலிலும் இதே உதவி உண்டு. ஒரு நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட வரிகளைச் சற்று உள்ளே தள்ளி எழுதுகிறோம். இன்று நிரல் எழுதும் எடிட்டரிலேயே இதற்கொரு கருவி இருக்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். தாறுமாறாகக் கிடந்த வரிகள் நொடியில் ஒழுங்காக நிற்கும். 'இது மாணவரைச் சோம்பேறியாக்காதா?' என்று கேட்பவர்கள் உண்டு. கருவியைப் பயன்படுத்தத்தான் வேண்டும் என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன்.

சி மொழியில், 'மதிப்பெண் 35க்குக் குறைந்தால்' என்று ஒரு நிபந்தனை எழுதுகிறீர்கள். அதன் கீழே உள்ளே தள்ளி இரண்டு வரிகள். ஒன்று 'தேர்ச்சி இல்லை' என்று அச்சிடும். மற்றது 'மறுதேர்வு எழுதுக' என்று அச்சிடும். நெளிவு அடைப்புக்குறிகளைப் போட மறந்துவிட்டீர்கள். நம் கண்ணுக்கு இரண்டு வரிகளும் நிபந்தனைக்கு உட்பட்டவை. கணிப்பொறிக்கோ முதல் வரி மட்டுமே உட்பட்டது. வரியின் தொடக்கத்தில் விட்ட இடைவெளியை அது பொருட்படுத்துவதில்லை. விளைவு? 90 மதிப்பெண் வாங்கிய மாணவிக்கும் மறுதேர்வு!

சிரிப்பதற்கு முன் இதையும் கேளுங்கள். 2014 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் ஐஃபோன்களுக்கு அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. இணையத்தின் மறுமுனையில் இருப்பது உண்மையான தளம்தானா என்று சோதிக்கும் நிரலில், 'கோட்டு ஃபெயில்' என்னும் வரி அடுத்தடுத்து இருமுறை இடம்பெற்றிருந்தது. இரண்டும் ஒரே அளவு உள்ளே தள்ளியிருந்தன. ஆனால் முதலாவது மட்டுமே நிபந்தனைக்கு உட்பட்டது; இரண்டாவது எப்போதும் நிறைவேறியது. ஆகவே மின்னணுக் கையொப்பத்தைச் சோதிக்கும் படியைத் தாண்டிக் குதித்து, 'தவறு ஏதுமில்லை' என்ற விடையுடன் சோதனை முடிந்துபோயிற்று. காவலாளி வாயிலில் நின்றார்; வந்தவரின் சீட்டைப் பார்க்கவில்லை!

சீரமைப்புக் கருவி இங்கே என்ன செய்திருக்கும்? அது உங்கள் மனத்தை ஊகிப்பதில்லை. நிரலை இலக்கணப்படி படித்து, எது எதற்குள் அடங்குகிறது என்பதை ஒரு மரம்போல் அமைத்துக்கொள்கிறது. பிறகு அந்த மரத்தைப் பார்த்து வரிகளைப் புதிதாக எழுதுகிறது. அந்த இரண்டாவது வரியை அது இடப்பக்கம் இழுத்து, நிபந்தனைக்கு நேராக நிறுத்தியிருக்கும். அதாவது, நீங்கள் எண்ணியதை விட்டுவிட்டு, கணிப்பொறி புரிந்துகொண்டதைக் காட்டும் கண்ணாடி அது. 2016இல் வெளிவந்த ஜிசிசி 6 தொகுப்பியும் இத்தகைய ஏமாற்றும் இடைவெளிகளைக் கண்டு எச்சரிக்கத் தொடங்கியது.

இன்னொரு நன்மையும் உண்டு. பலர் சேர்ந்து எழுதும் நிரலில் ஆளுக்கொரு பாணி இருந்தால் வீண் வாக்குவாதம்தான் மிஞ்சும். 2009இல் வெளியான கோ மொழி, தன்னுடனேயே ஒரு சீரமைப்புக் கருவியையும் தந்து, அந்த வாதத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் கண்ணாடி முகத்தைக் கழுவாது. வரி இடம் மாறியதை நீங்கள் கவனிக்காவிட்டால் பிழை அப்படியே இருக்கும். பைத்தான் மொழியில் உள்ளே தள்ளும் இடைவெளியே பொருளைத் தீர்மானிக்கிறது. அங்கே ஒரு வரியைத் தவறான இடத்தில் வைத்தால், கருவி அதையே உங்கள் கட்டளையாக எடுத்துக்கொள்ளும். மாறிகளுக்கு நல்ல பெயர் சூட்டவும் அதற்குத் தெரியாது.

ஆகவே மாணவ நண்பர்களே, முதல் சில வாரங்கள் கையாலேயே ஒழுங்குபடுத்தி எழுதிப் பழகுங்கள். பிறகு கருவியிடம் விடுங்கள். ஆனால் பொத்தானை அழுத்தியதும் எழுந்து போய்விடாதீர்கள். எந்த வரி நகர்ந்தது, ஏன் நகர்ந்தது என்று பாருங்கள். மேலே சொன்ன மதிப்பெண் நிரலை அடைப்புக்குறி இல்லாமல் எழுதி, இன்றே சோதித்துப் பாருங்கள். 'மறுதேர்வு எழுதுக' என்னும் வரி எங்கே போய் நிற்கிறது?