சீட்டில் எழுதாத நோய்

தில்லியில் கீமோதெரபி பெற்றுவரும் ஒருவருக்கு விடாத காய்ச்சலும் இருமலும் கண்டு, எக்ஸ்ரேயில் நுரையீரலில் நிழல் தெரிந்தால், முதலில் எழும் சொல் காசநோய். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கையில் அந்த ஐயத்தில் பிழையில்லை. பரிசோதனைச் சீட்டை அந்த ஒற்றைச் சொல்லே நிரப்பிவிடுவதுதான் பிழை.

ஆய்வகம் கேட்ட கேள்விக்கே விடை தரும். காசநோய்க் கிருமி, அமிலத்தால் கழுவினாலும் ஏறிய சாயத்தை விடாது. நோக்கார்டியா என்னும் பாக்டீரியாவோ அரைகுறையாகவே பிடித்துக்கொள்ளும். ஆகவே வழக்கமான சோதனையில் அது கண்ணுக்குத் தப்பும். சில வேளை காசநோயென்றே படிக்கப்படும். வளர்தட்டில் தலைகாட்ட அதற்குப் பல நாள் ஆகலாம். அதன் பெயர் சீட்டில் இல்லையெனில் அதற்குள் தட்டு குப்பைக்குப் போயிருக்கும்.

பூஞ்சைகளின் நிலை இன்னும் கடினம். நியூட்ரோபில் அணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே இறங்கிய நாள்களில் ஆஸ்பெர்ஜில்லஸும் மியூக்கோர் வகைப் பூஞ்சையும் நுரையீரலில் ஏறத்தாழ ஒரே முகத்தோடு வருகின்றன. காலக்டோமன்னன் சோதனை முன்னதைக் காட்டும், பின்னதைக் காட்டாது. முன்னதற்குரிய வோரிகோனசோல் பின்னதிடம் பலிக்காது. அதற்கு ஆம்போடெரிசின் பி வேண்டும். 2021இல் 'கருப்புப் பூஞ்சை' என்ற பெயர் ஊரெங்கும் பரவியபோது மக்கள் மூக்கையும் கண்ணையும் மட்டுமே கவனிக்கக் கற்றனர். (கருப்பது பூஞ்சையன்று, அது கொன்ற திசு.) இரத்தப் புற்றுநோயாளியிடம் அது பெரும்பாலும் நுரையீரலைத்தான் பற்றுகிறது.

'காசநோய் மருந்தைக் கொடுத்துப் பார்ப்போம், கெடுதல் என்ன?' என்பார் உண்டு. கெடுதல் உண்டு. ரிஃபாம்பிசின் கல்லீரலின் நொதிகளைத் தூண்டி, வோரிகோனசோலை இரத்தத்தில் ஏறக்குறைய இல்லாமலாக்கிவிடும். இமாட்டினிப் போன்ற புற்றுநோய் மருந்தின் அளவையும் குறைக்கும். பீகாரிலிருந்து வந்து மருத்துவமனை வாயிலருகே நடைபாதையில் படுத்திருக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டு வாரக் காத்திருப்பு எளிய சோதனையன்று.

தட்டணுக்கள் குறைந்தவரிடம் திசு எடுப்பது ஆபத்து என்பது உண்மையே. ஆயினும் சி.டி. ஸ்கேனைத் தாமதிக்கவோ, இயன்றவரிடம் நுரையீரலைக் கழுவி நீரெடுப்பதைத் தள்ளிப்போடவோ அது காரணமாகாது. சீட்டில் இன்னும் நான்கு வரி எழுதுவதற்கோ எந்த ஆபத்தும் இல்லை: என்ன புற்றுநோய், என்ன மருந்து, நியூட்ரோபில் எத்தனை நாளாகக் குறைவு, காசநோயோடு வேறெதன்மீது ஐயம்.