யார் கையால் வாங்கும் விருது?



பண்டிகை நெருங்கினால் வேலூர் லாங் பஜாரில் கால் வைக்க இடம் இருக்காது. அந்த நெரிசலில் ஒரு மளிகைக் கடைக்காரர், 'பை கொண்டு வந்தீங்களாம்மா?' என்று கேட்டு, இல்லையென்றால் பேப்பரில் மடித்துச் சணல் கட்டிக் கொடுக்கிறார் என்று வையுங்கள். அவருக்கு இதில் என்ன லாபம்? கேட்காமலே கேரி பேக் கொடுக்கும் கடை பக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. ஆனாலும் கல்லாவுக்குக் கீழே ஒரு கட்டு இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த மாதிரி கடைக்காரருக்கு ஒரு விருது இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதைத் தொடர்ந்து வந்தது மஞ்சப்பை விருது. பிளாஸ்டிக்கைக் கைவிட்ட பள்ளி, கல்லூரி, வணிக நிறுவனம் ஆகியவற்றுக்கு முதல் பரிசு 10 லட்சம் ரூபாய், அடுத்தது 5 லட்சம், மூன்றாவது 3 லட்சம். இது தவிர, சூழலுக்காக உழைக்கும் தனி நபர்களுக்கும் நிறுவனங்களுக்கும் ஆளுக்கு 1 லட்சம் தரும் பசுமை முதன்மையாளர் விருதும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் விண்ணப்பத்தை நிரப்பி, போட்டோ ஒட்டி, கலெக்டர் ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். பேப்பரில் பொட்டலம் கட்டுகிற மனிதருக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? கடையை யார் பார்த்துக்கொள்வது?

'சட்டத்தை மதிப்பது கடமை. அதற்கு எதற்கு சார் விருது?' என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். அப்படிக் கேட்க நம் பக்கத்து ஜனங்களுக்கு எல்லோரையும் விட உரிமை அதிகம். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவால் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைக்க முடியாமல் போனதைப் பார்த்தவர்கள் நாம். வீட்டுக்குள் குழாய் இருந்தும் குடிக்க கேன் தண்ணீர் வாங்குகிற குடும்பங்கள் எத்தனை!

வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போய்விட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் என்ற கணக்கும் இருக்கிறது. கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதியாக்கிய வழக்கு நம்முடையது. சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடம். ஆனால் இழப்பீடு வராத விவசாயிகளுக்குக் கொடுத்து முடியுங்கள், அந்தத் தொகையை, நிலத்தைக் கெடுத்தவர்களிடம் வசூலியுங்கள் என்று அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மறுபடி சொல்ல வேண்டியிருந்தது. அப்பாவின் நிலத்துக்கு வந்த தீர்ப்பின் பணத்தை மகன் எதிர்பார்த்து நிற்கிறார்.

தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்டிப்பாக வேண்டும். ஆனால் அது எப்போதும் கெட்ட பிறகுதான் வருகிறது. கெடுக்காமல் இருந்தவனை யார் கவனித்தார்கள்?

தோல் விஷயத்தில், கெடுக்காமல் இருப்பதற்கும் கெட்ட பிறகு சரிசெய்வதற்கும் உள்ள வித்தியாசம் இன்னும் பெரிது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஷாப்புக்கு, அதாவது டேனரிக்கு, வருகிறது. நனைப்பதற்கு முன்பே தோலை உதறி, மேலே ஒட்டியிருக்கும் உப்பைத் தட்டி எடுத்துவிட்டால் அது கையில் அள்ளும் பொருள். அப்படியே தொட்டியில் போட்டால் கரைந்துவிடும். ரசத்தில் கூடிப்போன உப்பை வீட்டில் யாராவது திரும்ப எடுத்திருக்கிறார்களா? பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் நுண்ணுயிரிகள் மற்றக் கழிவைத் தின்னும், உப்பைத் தொடாது. அதனால்தான் ஆர்.ஓ., அதற்கு மேல் கொதிக்கவைத்து ஆவியாக்கும் இயந்திரம், அதற்கு ஓயாத கரண்டு பில். எல்லாம் முடிந்த பின்னும் எதற்கும் ஆகாத கலப்பு உப்பு மிஞ்சுகிறது. சேறு வேறு. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை சிட்கோவில் அந்தக் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் செத்துப்போனார்கள்.

தண்ணீர் இல்லாமல் தோலில் குரோம் ஏற்றிப் பதப்படுத்தும் முறையைச் சென்னையில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனமே உருவாக்கித் தந்திருக்கிறது. வழி தெரியாமல் யாரும் நிற்கவில்லை. உப்பைத் தட்டுகிற முதலாளிக்கும் தட்டாத முதலாளிக்கும் ஊரில் ஒரே பெயர்தான் என்பதுதான் சங்கடம். 'டேனரிக்காரங்க' என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

வெளிநாட்டுக்காரர்கள் அப்படிக் கட்டுவதில்லை. பிரிட்டனிலிருந்து இயங்கும் 2005-இல் தொடங்கிய லெதர் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு தோல் தொழிற்சாலைகளைத் தணிக்கை செய்து தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் கொடுக்கிறது. ஷூ வாங்கும் பெரிய பிராண்டுகள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகின்றன. 1989-இல் ஜெர்மனி பென்டாகுளோரோபீனால் என்ற ஒரு ரசாயனத்தைத் தடை செய்ததும், அது நம் ஷாப்புகளிலிருந்தும் வெளியேற வேண்டியதாயிற்று. வாங்குகிறவன் சொன்னால் நடக்கிறது!

சரி, அந்தத் தங்கத் தரம் எந்தக் கம்பெனிக்கு என்று கம்பெனிக்குப் பின்தெருவில் துணி துவைக்கிற அம்மாவுக்குத் தெரியுமா? அவரிடம் யாராவது வந்து, 'உங்க போர் தண்ணி எப்படிம்மா இருக்கு?' என்று கேட்டார்களா? விருது கொடுக்கும் மேடையில் அதிகாரி இருக்கிறார், சங்கத் தலைவர் இருக்கிறார். தண்ணீர் குடிக்கிறவர் இல்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

இந்தோனேசியா 1995-இல் ஒரு காரியம் செய்தது. தொழிற்சாலைகளுக்குத் தங்கம், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று நிறம் கொடுத்தார்கள். அந்த ஜூனில் பச்சை வாங்கிய ஐந்தே ஐந்து பேரின் பெயரை மட்டும் முதலில் வெளியிட்டுப் பாராட்டினார்கள். தங்கம் யாருக்கும் இல்லை. மற்றவர்களுக்கு டிசம்பர் வரை தவணை. அதற்குள் திருந்தாவிட்டால் உங்கள் நிறமும் வெளியே வரும். பாராட்டும் வெட்கமும் ஒரே பட்டியலில். நம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை உண்டு. ஆனால் அது தொழிலின் வகைக்கு. டேனரி என்றாலே சிவப்பு. எந்த டேனரி ஒழுங்காக நடக்கிறது என்பதை அந்த நிறம் சொல்லாது.

அரசு அப்படி ஒரு பட்டியல் போடட்டும், வரவேற்போம். அதுவரை சின்ன அளவில் நாமே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். லாங் பஜார் காய்கறிக் கடையோ, குப்பையைப் பிரித்துக் கொடுக்கும் ஓட்டலோ, பாத்திரம் கொண்டுவரச் சொல்லும் பிரியாணிக் கடையோ, தோல் ஷாப்போ, உங்களுக்குத் தெரிந்த ஒன்றைப் பற்றி ஒரு போஸ்ட் கார்டு எழுதுங்கள். என்ன செய்கிறார்கள், எத்தனை நாளாகச் செய்கிறார்கள் என்பது போதும். நாங்கள் நேரில் போய்ப் பார்த்துவிட்டு மாதம் ஒருவரைப் பற்றி எழுதுகிறோம். பரிசுப் பணம் கொடுக்க எங்களால் ஆகாது.

இரண்டு நிபந்தனைகள் மட்டும். முதலாளியே தன்னைப் பற்றி எழுதினால் சேர்க்கமாட்டோம். தோல் ஷாப் என்றால், அதன் வாய்க்கால் போகிற பக்கம் குடியிருப்பவரோ நிலம் வைத்திருப்பவரோ எழுதியிருக்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்