பற்று வரவு

ஓர் ஊரின் சரித்திரத்தை அறியக் கோயில் கல்வெட்டுகளைப் படிக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மளிகைக் கடையின் பற்று வரவு நோட்டைப் படித்தாலும் போதும் என்பது என் கட்சி. கல்வெட்டிலே அரசர் கொடுத்த நிலம் இருக்கும். கடை நோட்டிலே தெருவார் வாங்கிய துவரம் பருப்பு இருக்கும். ஊர் எதனால் உயிர் வாழ்ந்தது என்பதை நேயர்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

கும்பகோணத்தில் சாரங்கபாணி சுவாமி கோயிலுக்குச் சமீபத்தில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. பாட்டனார் ஆரம்பித்தார், தகப்பனார் நடத்தினார், தமையனார் சில வருஷங்களுக்கு முன் மூடினார். கடை ஒன்றும் பெரிதல்ல. வரிசை தவறாமல் மாட்டுவதற்காக எண் எழுதிய கதவுப் பலகைகள், தேய்ந்து பளபளத்த கல்லாப் பெட்டி, உத்தரத்திலிருந்து தொங்கும் தராசு, சுவரை மறைத்து நிற்கும் தகர டப்பாக்கள் - இவ்வளவுதான். பெருங்காயமும் வெல்லமும் புதுச் சாக்கும் கலந்த அந்த வாசனை கண்ணை மூடிக்கொண்டு வருகிறவனுக்கும் வழி காட்டும்.

கணக்குக்குப் பேர்போன வட்டாரம் எங்களுடையது. கணித மேதை இராமானுஜன் வளர்ந்த வீடு சாரங்கபாணி சந்நிதித் தெருவில்தான் இருக்கிறது. அவருடைய தகப்பனார் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர். "மகன் எழுதிய கணக்கு நமக்குப் புரியாது, அப்பா எழுதிய கணக்கு புரியும். அதையாவது ஒழுங்காக எழுதுவோம்" என்று என் தகப்பனார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அவர் வாலிபராய்க் கல்லாவில் உட்கார ஆரம்பித்த காலத்தில்தான் நாணயம் மாறியது. அதுவரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. 1957 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ரூபாய்க்கு 100 நயா பைசா என்று ஆயிற்று. நாலணா 25 பைசா, அதிலே சண்டையில்லை. ஓரணாவுக்கு ஆறேகால் பைசா அல்லவா வருகிறது! அந்தக் கால் பைசா யாருக்கு? கடைக்காரனுக்கா, வாங்குகிறவனுக்கா? பாட்டனார் ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொன்னாராம்: "ஆறே வாங்கு. கால் பைசாவில் யாரும் மாடி கட்டியதில்லை." பிறகு வீசை போய்க் கிலோ வந்தது; படி போய் லிட்டர் வந்தது. ஒரு வீசை ஏறக்குறைய 1,400 கிராம். கிலோ என்று கொடுத்தால், சாமான் குறைகிறதே என்று பாட்டிமார் சந்தேகப்பட்டார்கள். அவர்களுக்காகவே பழைய படியும் உழக்கும் ஆழாக்கும் வெகு காலம் தராசுக்குப் பக்கத்தில் சாட்சிகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதில் பெரும்பாலும் பெயர்கள் கிடையாது. "மூன்றாம் வீட்டு அம்மாள்", "தபால்காரர்", "பாத்திரக் கடை அண்ணன்", "திண்ணைத் தாத்தா" என்றுதான் தலைப்புகள். படிக்கத் தெரிந்தவர்களுக்கு அதில் எல்லாம் இருந்தது. சுக்கு, ஓமம், பூண்டு, பனைவெல்லம் எல்லாம் ஒரே நாளில் போனால் அந்த வீட்டில் பிரசவம் ஆகியிருக்கிறது. கறுப்பு எள்ளும் பச்சரிசியும் போனால் திதி. காப்பிக்கொட்டை பாதியாகக் குறைந்தால், பையன் சென்னைக்கு உத்தியோகத்துக்குப் போய்விட்டான். பருப்பு குறைந்து, எண்ணெயும் குறைந்து, கடைசியில் உப்பும் புளியும் மட்டும் போனால் அந்த வீட்டில் கஷ்டம் வந்திருக்கிறது. இது உறவினருக்குத் தெரியுமுன் எங்கள் தகப்பனாருக்குத் தெரிந்துவிடும்.

தெரிந்ததை அவர் என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். சாமான் வாங்க அநேகமாகக் குழந்தைகள்தான் வருவார்கள். பாக்கி எத்தனை மாதமாக நின்றாலும் அதைக் குழந்தையிடம் சொல்லக் கூடாது என்பது கடையின் சட்டம். ஒரு சமயம் கடைப் பையன், "உங்கள் அம்மாவைப் பழைய பாக்கியைக் கொடுக்கச் சொல்" என்று ஒரு சிறுமியிடம் சொல்லிவிட்டான். அன்று தகப்பனாருக்கு வந்த கோபத்தைப்போல் அதற்குமுன் நான் பார்த்ததில்லை. "கடன் பெரியவர்களுடையது. குழந்தை தெருவிலே தலைநிமிர்ந்து நடக்க வேண்டாமா?" என்றார். இருபது வருஷமாக ஆசிரியத் தொழில் பார்க்கிறேன். சம்பளப் பாக்கிக்காகப் பிள்ளைகளை வகுப்பில் எழுப்பி நிறுத்துகிற வழக்கத்தை எங்கேயாவது காணும்போதெல்லாம் இந்த வார்த்தைகள் என் காதில் ஒலிக்கின்றன.

எங்கள் கடை தர்மசத்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். கடைத்தெருவில் பெரிய கடைகளில் விலை காலணா குறைவாகவே இருந்திருக்கும். பற்று வைத்த குடும்பம் வேறு கடைக்குப் போகக் கூச்சப்படும். அந்தக் கூச்சமும் எங்களுக்கு ஒரு லாபம்தான். வராத கடனுக்காகத் தகப்பனார் தூங்காத இரவுகளும் உண்டு. ஆயினும், கொடுத்தவர், வாங்கியவர் ஆகிய இருவருடைய மானத்தையும் அந்த நோட்டு காப்பாற்றியது.

கடையை மூடியதற்குப் பெரிய அங்காடிகளையே காரணம் சொல்லிப் பயனில்லை. தெருவே மாறிவிட்டது. பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போனார்கள், பெரியவர்கள் காலமானார்கள், திண்ணை வீடுகள் இடிந்து தங்கும் விடுதிகளும் கிடங்குகளும் எழும்பின. விடுதியில் ஒரு நாள் தங்குகிறவருக்கு ஆழாக்கு உளுந்து எதற்கு?

இன்று கடன் கொடுக்க மனிதர் வேண்டாம். கைப்பேசிச் செயலியே போதும். ஐந்து நிமிஷத்தில் பணம் வந்துவிடுகிறது. தவணை தவறினாலோ, கடன்பட்டவரின் உறவினருக்கும் நண்பருக்கும் செய்தி அனுப்பி மானத்தை வாங்கிய செயலிகளும் உண்டு. இந்த அக்கிரமத்தை அடக்க 2022-ல் ரிசர்வ் வங்கி விதிகள் வகுக்க நேர்ந்தது. எங்கள் தகப்பனார் அந்த விதிகளைப் படித்திருந்தால், "இதற்கெல்லாமா சட்டம் வேண்டும்?" என்று ஆச்சரியப்பட்டிருப்பார்.

கடை மூடிய பிறகு ஓர் அம்மாள் வந்து, தன் மாமியார் காலத்துப் பாக்கி என்று முந்நூறு ரூபாயைத் தமையனாரிடம் கொடுத்தாராம். நோட்டில் தேடினார்கள், அந்தப் பக்கம் கரையானுக்கு இரையாகியிருந்தது. கணக்கு அந்த அம்மாளுக்கு நினைவிருந்தது. அதுவே போதுமென்று வாங்கிக் கொண்டார்.

நேயர்கள் தெருவில் நோட்டில் கணக்கெழுதும் கடை இன்னும் ஒன்று இருக்கலாம். இருந்தால் மாதச் சாமானில் பாதியையாவது அங்கே வாங்குங்கள். பற்றை நாள் தவறாமல் தீருங்கள். குழந்தைகளையும் கடைக்கு அனுப்புங்கள். கணக்கும் மரியாதையும் அங்கே ஒரே பாடமாகக் கிடைக்கும்.