சந்தா கட்டும் முன்

1995-இல் பியர் ஒமிட்யார் தொடங்கிய ஈபே ஏலத்தளத்தில் பொருள் விற்போர் பலர், பட்டியலிடும் கருவிகளுக்கு, அதாவது தலைப்பு, படம், விளக்கம், தொடக்க விலை, அஞ்சல் செலவு ஆகியவற்றைப் பதிந்துவைத்துப் பல பொருள்களை ஒருசேர ஏற்றித் தரும் மென்பொருள்களுக்கு, மாதந்தோறும் சந்தா செலுத்துகின்றனர். படங்களைச் சேமிக்கவே வெளியிடம் தேடவேண்டியிருந்த தொடக்கக் காலத்தில் இச்செலவுக்கு நியாயம் இருந்தது. இன்றோ ஈபேயின் செல்லர் ஹப் எனும் இலவசப் பகுதியிலேயே மாதிரிப் படிவங்களைச் சேமிக்கலாம், அட்டவணைக் கோப்பின் வழியே மொத்தமாகவும் ஏற்றலாம். விளக்கப் பகுதியில் ஜாவாஸ்கிரிப்ட் போன்ற இயங்கு நிரல்களுக்கு 2017-இல் தடை வந்தபின், கட்டணக் கருவிகள் பெருமையாகக் காட்டிய நகரும் படவரிசைகளும் பயனற்றுப்போயின. ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் ஒற்றைப் பொருள்கள். பழைய ஃபிலிம் கேமராவை விற்பவருக்கு வேண்டுபவை, லென்சினுள் படர்ந்த பூஞ்சையை மறைக்காத படமும், ஷட்டர் எந்த வேகத்தில் தடுமாறுகிறது என்று நேர்மையாகச் சொல்லும் வரியும், 80 எழுத்துகளுக்குள் சரியான மாடல் பெயரைத் தாங்கிய தலைப்புமே. பொருளைக் கையில் எடுத்துச் சோதித்தவரே இவற்றைத் தர முடியும். ஒரே சரக்கை ஈபேயிலும் அமேசானிலும் சொந்தத் தளத்திலும் வைத்து, ஓரிடத்தில் விற்றதும் மற்ற இடங்களில் இருப்பைக் குறைக்கவேண்டிய வணிகருக்கு மட்டும் கட்டணக் கருவி அவசியமே, ஏனெனில் கையில் இல்லாததை விற்றுவிட்டு ரத்து செய்வது விற்பனையாளர் தரநிலையைக் கெடுத்துவிடும். ஏனையோர் இலவச வசதிகளை முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கும்வரை சந்தா கட்டாதிருப்பதே நல்லது.