எடையும் இடையும்

கல்லூரியிற் சேரும் மாணவரை மருத்துவர் பார்வையிடுதல் நெடுநாளைய வழக்கு. நம் உயரம் அளக்கப்படுகிறது, எடை நிறுக்கப்படுகிறது, இவ்விரண்டினின்றும் ஓர் எண் கணக்கிட்டு அட்டையில் எழுதப்படுகிறது. அவ்வெண் 25-க்குக் கீழே நின்றால் உடல் செவ்விதென மகிழ்ந்து வகுப்புக்குத் திரும்புகிறோம். இவ்வெண் ஒன்றையே நம்பி இருதயத்தைப்பற்றிக் கவலையற்றிருத்தல் தகாது. தராசின் பக்கத்தில் ஓர் அளவுநாடாவும் இருத்தல் வேண்டும். பெண்பாலார் திறத்தில் இஃது இன்னும் இன்றியமையாதது என்பது என் கருத்து. தமிழ் பயில்வோனுக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று அறிவியற் பகுதி நண்பர்கள் நகைக்கலாம். எடைக்கும் இடைக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் மாணவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அவ்வெண்ணின் வரலாறு அறியத்தக்கது. கிலோகிராமில் நிறுத்த எடையை, மீட்டரில் அளந்த உயரத்தின் வருக்கத்தால் வகுக்கக் கிடைப்பது அது. அதற்கு அடிகோலியவர் மருத்துவரல்லர். பெல்ஜிய நாட்டு வானநூல் வல்லுநரும் கணிதருமாகிய அடோல்ப் கெத்தலே என்பார். வளர்ந்த மக்களின் எடை ஏறக்குறைய உயரத்தின் வருக்கத்தை ஒட்டி மிகுகின்றதென அவர் 1830-களிற் கண்டார். பெருங்கூட்டத்தினின்றும் சராசரி மனிதனை வகுத்துக் காட்டுதல் அவர் நோக்கமாயிருந்தது. 1972-இல் ஆன்செல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞரும் உடனுழைத்தோரும் இதற்கு உடல் நிறைச் சுட்டெண் எனப் பொருள்படும் 'பாடி மாஸ் இண்டெக்ஸ்' என்னும் பெயரை வழங்கினர். அவர்கள் அதற்கென ஆராய்ந்தவர் யாவரும் ஆடவர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

இச்சுட்டெண்ணைக் கள்ளத்தராசென்று பழித்தல் நேர்மையன்று. ஒரு நாட்டு மக்கள் ஆண்டுக்காண்டு பருக்கின்றனரா என அறிய அதனினும் எளிய கருவி இல்லை. ஆயினும் எடையில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அக்கொழுப்பு எங்கே தங்கியுள்ளது என்பவற்றை அது சொல்ல வல்லதன்று.

புனே நகரத்து மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் ஆங்கில மருத்துவர் ஜான் யட்கினும் 2004-இல் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் தம்மிருவர் நிழற்படத்தை வெளியிட்டனர். இருவர் சுட்டெண்ணும் 22.3. ஆயின் யட்கின் உடலிற் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, யாஜ்னிக் உடலிலோ 21.2 பங்கு! தராசின் கண்ணுக்கு இருவரும் இரட்டைப் பிள்ளைகள். மெலிந்த கைகால்களும் முன்தள்ளிய வயிறும் உடைய ஆடவரை நம் தெருக்களில் நாள்தோறும் காண்கிறோம். தொந்தியைச் செல்வத்தின் அடையாளமெனப் பாராட்டுவாரும் உளர். உலக சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, ஆசிய மக்கள் 23 என்னும் எண்ணிலிருந்தே விழிப்பாயிருத்தல் வேண்டுமென 2004-இல் அறிவித்ததும் இத்தகைய வேறுபாடு கருதியே.

வயிற்றகத்துக் கொழுப்புக்கு அத்துணைத் தீமை எங்ஙனம் வந்தது? தோலின்கீழ், சிறப்பாகத் தொடையிலும் பிட்டத்திலும், தங்குவது பெரும்பாலும் வாளாவிருக்கும் சேமிப்பு. குடலைச் சூழ்ந்து தங்குவதோ கொழுப்பமிலங்களை எளிதில் வெளிவிடுகிறது. அவை குடலினின்று செல்லும் இரத்தக்குழாய் வழியே நேரே கல்லீரலை அடைகின்றன. இன்சுலினின் ஆற்றல் குன்றுகிறது; இரத்தத்திற் சர்க்கரையும் கொழுப்பும் ஏறுகின்றன; இரத்த அழுத்தம் மிகுகிறது; இருதயத்துக்கு உணவூட்டும் நாளங்கள் நாளடைவில் அடைபடுகின்றன.

மார்சேய் நகரத்து மருத்துவர் ழான் வாக் என்பார், கொழுப்பு மேலுடலில் தங்குவதை ஆண்வகை என்றும், கீழுடலில் தங்குவதைப் பெண்வகை என்றும் 1947-இலேயே பிரித்துரைத்தார். உலகம் அதனைச் செவிமடுக்க நெடுநாள் ஆயிற்று. 1984-இல் சுவீடன் நாட்டுக் கோத்தன்பர்க் நகரத்தில் 792 ஆடவரைப் 13 ஆண்டும், 1,462 பெண்டிரைப் 12 ஆண்டும் தொடர்ந்து கண்டோர், இடையின் சுற்றளவைப் பிட்டத்தின் சுற்றளவால் வகுத்த விகிதம் மாரடைப்பை முன்னறிவிக்கிறதென வெளியிட்டனர். 52 நாடுகளில் 27,000-க்கு மேற்பட்டோரைக் கொண்டு நடந்து 2005-இல் வெளிவந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வும், சுட்டெண்ணினும் அவ்விகிதமே மாரடைப்போடு நெருங்கிய தொடர்புடையதெனக் காட்டிற்று.

இனி மகளிர் பற்றியது. 'யு.கே. பயோபேங்க்' என்னும் பிரித்தானிய ஆய்வுத் தொகுதியில் நான்கரை இலட்சத்துக்கு மேற்பட்ட ஆண் பெண் இருபாலாரை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு இது: மாரடைப்போடு கொண்ட தொடர்பில், இடை-பிட்ட விகிதம் சுட்டெண்ணைக் காட்டிலும் பெண்களிடத்தில் நூற்றுக்கு 18 பங்கும், ஆண்களிடத்தில் 6 பங்கும் வலியது. ஆகவே தராசு மட்டும் அளக்கும் ஏற்பாட்டில் மிகுதியும் ஏமாறுவோர் பெண்டிரே. மாதவிடாய் நிற்குங்காறும் அவர்தம் கொழுப்பு பெரும்பாலும் தொடையிலும் பிட்டத்திலும் தங்குகிறது. நின்றபின் ஈஸ்டிரோஜன் குறைய, எடை பெரிதும் மாறாதிருக்கும்போதே வயிற்றை நாடிச் சேர்கிறது. அம்மாற்றத்தைத் தராசு எப்படிக் காட்டும்? மாரடைப்பு ஆண்மக்கள் நோயென்னும் எண்ணமோ நம் இல்லங்களில் வேரூன்றியிருக்கிறது. தந்தையார் மார்பைத் தடவினால் வீடு முழுதும் எழுந்து நிற்கும். அன்னையார் தடவினால் வாயுத்தொல்லை என்போம். உலகில் பெண்டிரின் உயிரை மிகுதியாகக் கவர்வன இருதய, இரத்தநாள நோய்களே.

நம் புலவர்கள் மகளிர் இடையைக் கொடியென்றும் நூலென்றும் மின்னலென்றும் பாடி ஓய்ந்தனர். ஆடவர் வயிற்றை எவரும் அளந்திலர்! யான் வேண்டும் நாடா அழகை அளப்பதன்று. மகளிர்க்கு இது நாணந் தருமே எனின், மகளிரே, தனியறையில், எண்ணை உரக்கக் கூவாமல் அளக்கலாம். நாடா ஒருவர் கையில் இறுகும், மற்றொருவர் கையில் நெகிழும் என்னும் தடை வலியதே. பயிற்சியால் அது பெரும்பாலும் நீங்கும். சுட்டெண் ஒன்றையே கொண்டு ஒருவரைப் பருமன் நோயுடையாரெனத் துணியலாகாது, இடையளவு போன்றதொன்றும் உடன் வேண்டுமென 2025-இல் லான்செட் இதழ் அமைத்த வல்லுநர் குழுவே பொதுவிதியாகக் கூறிவிட்டது.

முறையும் எளிது. இயல்பாக நின்று, மூச்சை மெல்ல வெளிவிட்டு, கடைசி விலாவெலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றுதல் வேண்டும். வயிற்றை உள்ளிழுப்பவர் தம்மையே ஏமாற்றுகிறார். இந்தியருள் ஆடவர்க்கு 90 செ.மீ., பெண்டிர்க்கு 80 செ.மீ. எல்லையாகக் கொள்ளப்படுகின்றன. இவ்வெண்கள் நினைவில் நில்லாவிடின், இடை உயரத்திற் பாதிக்குக் குறைந்திருக்கட்டும் என்று பிரித்தானிய மருத்துவ வழிகாட்டிகள் 2022-இற் கூறியது போதும். தையற்காரர் நாடாவே இதற்கு அமையும். நம் அட்டையின் அடியில் 'பிற குறிப்பு' என ஒரு வரி வெறுமையாக விடப்பட்டிருக்கிறது; வருகிற ஆண்டு முதல் இடையளவை அதில் எழுதலாம்.