செவ்வொளி மருத்துவம்: அளவறிந்து ஆள்வோம்

ஒளியின்றி உயிரில்லை. அந்த ஒளியையே மருந்தாக்க முடியுமா என்று கேட்டால், முடியும் என்பதே அறிவியல் தரும் விடை. மஞ்சள் காமாலையுடன் பிறந்த குழந்தையை நீல ஒளியின் கீழ்க் கிடத்துவதை மருத்துவமனைகளில் காண்கிறோம். ஆனால் எந்த ஒளி, எவ்வளவு, எந்த நோய்க்கு என்னும் மூன்று கேள்விகளுக்கும் விடை தெரிந்த பிறகே ஒளி மருந்தாகிறது. விடை தெரியாதவர் கையில் அது வெறும் விளக்குத்தான்.

இதை நான் எழுதக் காரணம் என் அக்கா. அவர் பனியன் கம்பெனி ஒன்றில் ஓவர்லாக் டெய்லர். காலை எட்டரை மணிக்கு மெஷினில் அமர்ந்தால், ஒன்றரை ஷிப்ட் ஓடும் நாள்களில் இரவாகிவிடும். குனிந்த கழுத்து குனிந்தபடியே இருக்கும். கழுத்து வலியும், இரவில் விரல் மரத்துப் போவதும் ஓராண்டாக உண்டு. யாரோ சொன்னார்கள் என்று, சிவப்பு விளக்குச் சிகிச்சை அளிக்கும் 'வெல்னஸ் சென்டர்' ஒன்றுக்குப் போனார். பத்து சிட்டிங்குக்கு முன்பணமாக இரண்டு சனிக்கிழமைச் சம்பளம் போயிற்று. "லைட்டுக்கு முன்னால உக்காந்திருக்கறப்ப சொகமாத்தான் இருக்குது தம்பி. மறுநாள் மெஷின்ல உக்காந்தா பழையபடிதான்" என்றார். பத்து முறையும் அவர் கையை ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை.

பிறகு அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்தார், மடக்கச் சொன்னார். நரம்பு மணிக்கட்டில் நெருக்கப்படுகிறது என்றார். கழுத்தில் விழுந்த ஒளி மணிக்கட்டு நரம்பை எப்படி விடுவிக்கும்? நோயையும் அதன் காரணத்தையும் தேர்ந்த பிறகே மருத்துவம் செய்க என்று வள்ளுவர் சொன்னது எவ்வளவு உண்மை!

இதனால் செவ்வொளி மருத்துவமே பொய் என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. அதற்கென ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கில் பணியாற்றிய நீல்ஸ் ஃபின்சன், தோலைத் தாக்கும் காசநோயைச் செறிவூட்டிய ஒளியால் குணப்படுத்தி 1903-இல் நோபல் பரிசு பெற்றார். அவரே பெரியம்மை நோயாளிகளைச் சிவப்பு ஒளி மட்டும் புகும் அறையில் வைக்கலாம் என்றும் சொன்னார். அந்த முறை பின்னர் கைவிடப்பட்டது. ஒரே மேதையின் இரு கருத்துகளில் ஒன்று நின்றது, மற்றொன்று வீழ்ந்தது. தீர்ப்பளித்தது சோதனையே அன்றோ?

1967-இல் புடாபெஸ்டில் எண்ட்ரே மெஸ்டர் என்னும் மருத்துவர், முடி மழித்த எலிகளின் முதுகில் வலுக்குறைந்த ரூபி லேசர் ஒளியைப் பாய்ச்சினார். புற்றுநோய் வருமா என்று பார்ப்பதே அவர் நோக்கம். அது வரவில்லை, மாறாக, முடி விரைவாக வளர்ந்தது. இன்றைய செவ்வொளி மருத்துவத்தின் தொடக்கம் இதுவே எனலாம். உயிரணுக்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஒரு நொதி, சிவப்பு ஒளியையும் அதை அடுத்த அகச்சிவப்பு ஒளியையும் ஏற்றுச் செயல்படுகிறது என்பது அறிவியலார் பலரும் தரும் விளக்கம்.

சான்றுகளும் இல்லாமல் இல்லை. கழுத்து வலிக்கு வலுக்குறைந்த லேசர் அளித்த 16 ஆய்வுகளை, மொத்தம் 820 நோயாளிகளை, ஒருங்கே ஆராய்ந்த கட்டுரை 2009-இல் 'லான்செட்' இதழில் வந்தது. நாள்பட்ட வலி உடையோருக்கு, சிகிச்சை முடிந்து 22 வாரங்கள் வரைகூட வலி குறைந்திருந்தது என்கிறது அது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாய்ப்புண்ணைத் தடுக்க, குறிப்பிட்ட சில நோயாளிகளுக்கு இவ்வகை ஒளியைப் பன்னாட்டு வல்லுநர் குழு 2020-இல் பரிந்துரைத்தது. ஆனால் இவை அளவிட்டுக் கொடுத்த ஒளியின் பயன்கள். சுவரில் மாட்டிய எந்தச் சிவப்பு விளக்கும் இதே பயனைத் தரும் என்று பொருளல்ல.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஒரு சதுர செ.மீ. தோலில் 50 மில்லிவாட் ஒளி 60 வினாடி விழுந்தால், அங்குச் சேரும் ஆற்றல் 3 ஜூல். விளக்கைத் தள்ளி வைத்தால் இந்த அளவு குறையும். குறைந்தால் பயனில்லை, மிகுந்தாலும் பயன் குன்றும். நம் ஊரில் ஜி.எஸ்.எம். கேட்காமல் துணி வாங்குவார் உண்டா? துணிக்கு உள்ள அளவு உடம்புக்கு வேண்டாமா? பழைய அகச்சிவப்பு பல்பு வேறு, எல்.இ.டி. செவ்வொளி வேறு என்பதையும் அறிய வேண்டும். முன்னது சூட்டால் இதம் தருவது. பின்னது சூட்டை நம்பியதன்று.

"பயன் இல்லாவிட்டாலும் தீங்கில்லையே" என்பார் சிலர். நோயைக் கண்டறிவதில் ஏற்படும் காலதாமதமே தீங்குதான். உழைத்த பணம் வீணாவதும் தீங்குதான். கிட்டப்பார்வைக்குச் செவ்வொளிச் சிகிச்சை பெற்ற 12 வயதுச் சிறுமியின் விழித்திரை பழுதுபட்ட செய்தி 2023-இல் மருத்துவ இதழில் வெளிவந்தது. கண்ணுக்குக் காப்பு வேண்டும். புற்றுநோய் ஐயமுள்ள இடத்தில் ஒளி பாய்ச்சலாகாது. ஒளிக்குத் தோலைக் கூசச் செய்யும் மருந்து உண்பவரா என்று முன்னரே கேட்க வேண்டும்.

ஆகவே இத்தொழில் செய்வோரிடம் நான் வேண்டுவது மூன்று. முதலில், நோயாளியைத் தொட்டுச் சோதிக்கட்டும், அல்லது சோதிக்கத் தெரிந்தவரிடம் அனுப்பட்டும். இரண்டாவது, ஒளியின் அலைநீளம், அளவு, நேரம் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதிக் கொடுக்கட்டும். மூன்றாவது, சில முறையில் குணம் தெரியாவிட்டால் நிறுத்திவிட்டு, மீதிப் பணத்தைத் திருப்பித் தரட்டும். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. பிசியோதெரபி படித்தோர் உள்ளிட்டோரை முறைப்படுத்த 2021-இல் ஒரு சட்டமும் வந்துள்ளது. 2022-இல் திருப்பூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. டெய்லர்களின் கழுத்தையும் கையையும் அங்கே ஆராய்ந்து, தகுந்தோர்க்கு இந்த ஒளியை இலவசமாக அளித்தால் எவ்வளவு நன்று!

கம்பெனி முதலாளிகளிடமும் ஒரு சொல். ஒளி தரும் இதம், சாயாத ஸ்டூலில் மறுநாள் அமர்ந்ததும் போய்விடுகிறது. முதுகு சாய ஒரு நாற்காலி, கை உயரத்துக்கு ஏற்ற மேசை, இடையிடையே ஐந்து நிமிட ஓய்வு – இவற்றின் வேலையை எந்த விளக்கும் செய்யாது.

அக்கா இப்போது இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டிப் படுக்கிறார். மரமரப்புக் குறைந்திருக்கிறது. கழுத்து வலி முழுதும் போகவில்லை. அதற்கு ஒளிச் சிகிச்சை பயன்படுமா என்று மருத்துவரையே கேட்கப் போகிறோம். இம்முறை, அளவு என்ன என்ற கேள்வியும் எங்களிடம் இருக்கும்.