பல்லுக்கு ஒரு பாலம்

"பல் போனால் சொல் போகும்" என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. இஃது ஓசை நயம் கருதி மட்டும் எழுந்த வாசகம் அன்று. எழுத்துக்களின் பிறப்பை விளக்கும் தொல்காப்பியம், தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நா சென்று பொருந்துவதாற் பிறக்கும் என்றும், வகரம் பல்லும் இதழும் கூடுவதாற் பிறக்கும் என்றும் கூறுகின்றது. முன்பற்களை இழந்த ஒருவர் "தந்தை" என்றோ "வணக்கம்" என்றோ சொல்ல முயல்வதைக் கேட்டவர்கள் இவ்விதியின் உண்மையை உடனே உணர்வர்.

சொல்லுக்கு உதவுவன முன்பற்கள் என்றால், சோற்றுக்கு உதவுவன கொடுப்புப் பற்கள். முன்பல் போனால் ஊர் அறியும். கொடுப்புப்பல் போனால் கன்னம் மறைத்துவிடும். அதனாலேயே நம்மிற் பலர், "உள்ளே கிடக்கும் ஒரு பல்தானே! பிடுங்கிவிட்டால் வலி தீர்ந்தது" என்று எண்ணுகின்றனர். வலி தீர்வது மெய்யே. ஆனால் கணக்குத் தீர்வதில்லை. அக்கணக்கு எத்தகையது என்பதை இவ்வாரம் சிந்திப்போம்.

வாயிலுள்ள பற்கள் ஒன்றுக்கொன்று அணையாக நிற்பவை. வரிசையில் ஒரு பல் நீங்கினால், அதன் பின்னாலுள்ள பல் நாளடைவில் வெற்றிடத்தை நோக்கிச் சாய்கின்றது. எதிர்த்தாடையிலே அதனோடு கடித்து வந்த பல், தடுப்பார் இன்மையால், தன் இடத்தைவிட்டு மெல்ல வெளியே நீளுகின்றது. சாய்ந்த பற்களின் இடுக்கில் உணவு தங்கும், தங்கிய இடத்தில் சூத்தை விழும், முரசு வீங்கும். ஒரு பல்லின் இழப்பு இவ்வாறு அயற்பற்களையும் பற்றிக்கொள்கின்றது.

இதனைத் தடுக்க மனிதன் கண்ட வழிகள் இரண்டு. வேர் உறுதியாக இருக்க, மேற்பகுதி மட்டும் சிதைந்திருந்தால், அதன்மேல் கவிக்கப்படுவது பல்முடி; வைத்தியர்கள் இதனைக் கிரவுன் என்பர். பல் முழுவதும் போய்விட்டால், இருபுறத்துப் பற்களையும் தூண்களாகக் கொண்டு, இடையில் ஒரு செயற்கைப் பல்லைத் தாங்கி நிற்பது பற்பாலம்.

இவை புதுமையானவை அல்ல. இத்தாலியில் உரோமருக்கு முன் சிறந்து வாழ்ந்த எத்துருஸ்கர் என்னும் மக்கள், கி.மு. 7ஆம் நூற்றாண்டளவிலேயே மெல்லிய பொற்பட்டிகளால் மாற்றுப்பல்லை அயற்பற்களோடு பிணைத்தனர். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுந்த உரோமரின் பன்னிரு பலகைச் சட்டம், இறந்தவரோடு பொன்னை வைத்தல் ஆகாது என்று விதித்தது. ஆயினும் பற்களைப் பிணைத்த பொன்னுக்கு மட்டும் அதே சட்டம் விலக்களித்தது. இறந்தவரின் வாயிலிருந்து பொன்னைப் பறிக்கவேண்டியதில்லை என்ற அளவுக்கு இவ்வழக்கம் அன்று அறியப்பட்டிருந்தது.

மெழுகால் உருவமைத்து, மண் போர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பது நம் கோயில்களின் செப்புத் திருமேனிகளை ஆக்கிய சிற்பிகளின் கலை. அதே முறையால் பல்லின் குழிக்கு அளவான பொன்னடைப்பை வார்க்கலாம் என்பதை 1907ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்வைத்தியர் வில்லியம் டகார்ட் எடுத்துக்காட்டினார். முழுதும் பீங்கானால் ஆகிய முடியை அதற்குச் சற்று முன்னரே டெட்ரோயிட் நகரில் உருவாக்கியவர் சார்ள்ஸ் லாண்ட். 1927இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியொருவராக, இடையில் இறங்காது விமானத்திற் கடந்த லிண்ட்பேர்க் இவருடைய பேரனே என்பது மாணவர்களுக்குச் சுவையான செய்தியாகும். 1985இல் சூரிச் பல்கலைக்கழகத்தில், பல்லைப் படம்பிடித்து, கணினியின் துணையால் பீங்கானைக் கடைந்து, அப்பொழுதே பொருத்தும் முறை தொடங்கியது. இன்று சிர்க்கோனியா என்னும் வலிய வெண்பொருளும் முடிகளுக்குப் பயன்படுகின்றது.

இனி, செய்முறையைக் காண்போம். முடி கவிப்பதற்காகப் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீற்றர் வரை செதுக்குவர். பின்னர் அதன் அச்சையோ படத்தையோ எடுத்து, தற்காலிகமாக ஒரு மூடியை வைத்து அனுப்புவர். நிலையான முடி தயாரானதும் அதனைப் பசையிட்டு ஒட்டுவர். வேர்ச் சிகிச்சை செய்யப்பட்ட கொடுப்புப்பல் பெரும்பாலும் எளிதிற் பிளக்கக்கூடியதாகையால், அதற்கு முடி ஒரு கவசமாகின்றது.

பாலத்தின் கதை வேறு. ஆற்றின் குறுக்கே பாலம் அமைப்போர் புதிய தூண்களை நாட்டுவர். வாயிலோ, முன்னரே நிற்கும் பற்களே தூண்களாக வேண்டும். அவை முற்றிலும் பழுதற்றவையாக இருப்பினும் செதுக்கப்பட வேண்டும். செதுக்கிய எனாமல் மீண்டும் வளராது; அதனை உண்டாக்கும் உயிர்க்கலங்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. மேலும், மூன்று பற்கள் சுமந்த பாரத்தை இனி இரண்டே சுமக்கவேண்டும். பாலத்தின் அடியில் ஒரு தூண் சூத்தையானால் பாலம் முழுவதும் பயனற்றுப் போகலாம். எனவே, பாலம் என்பது போன பல்லுக்காக, நின்ற பற்கள் கொடுக்கும் விலை.

இவ்விலையைக் குறைக்கும் வழிகளும் உள. முன்பல் ஒன்று இல்லாதவர்க்கு, அயற்பல்லின் பின்புறத்தில் மெல்லிய சிறகுபோல் ஒட்டும் பாலம் சில வேளை பொருந்தும். அதற்குச் செதுக்கல் மிகக் குறைவு. தாடையெலும்பிலேயே தைத்தேனியம் என்னும் உலோகத்தாலாகிய செயற்கை வேரைப் பதிக்கும் முறையை, 1965இல் சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பிரனேமார்க் முதன்முதல் ஒரு நோயாளியிடம் கையாண்டார். இஃது அயற்பற்களைத் தொடாதது. ஆனால் செலவும் காலமும் கூடியது. தாடை வளர்ந்து முடியாத இளையோர்க்குப் பொதுவாக ஏற்றதன்று. கழற்றிப் பூட்டும் பல் இவை எல்லாவற்றினும் எளியது. எது தமக்குரியது என்பதைப் பதிவுபெற்ற பல்வைத்தியரிடம் கேட்டே தெளிதல் வேண்டும். கம்பியாலும் பசையாலும் பல்லைக் கட்டிவிடும் கைவேலைக்காரரிடம் செல்லுதல் இருக்கும் தூண்களையும் இழப்பதற்கு வழி.

பாலம் கட்டியாயிற்று, இனிக் கவலையில்லை என்று இருத்தலும் தவறு. பீங்கானுக்குச் சூத்தை வராது. பீங்கானும் பல்லும் சந்திக்கும் விளிம்பில் வரும். அங்கும் பாலத்தின் அடியிலும் உணவு தங்காதவாறு நாள்தோறும் நூலாலோ சிறு தூரிகையாலோ துப்புரவு செய்தல் வேண்டும். நன்கு பேணப்பட்டவை பத்து, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் உழைப்பதுண்டு.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்கு ஆறு வயதளவில், பாற்பற்களின் பின்னே, எந்தப் பல்லும் விழாமலே ஒரு கொடுப்புப்பல் முளைக்கும். அதனைப் பாற்பல் என்று கருதிப் பலர் கவனியாது விடுகின்றனர். அது ஆயுள் முழுவதும் நிற்கவேண்டிய நிலைப்பல். மாணவர்களும் ஒன்றை நினைவில் வைத்தல் நலம். விளையாட்டில் அடிபட்டு நிலைப்பல் முழுதாய்க் கழன்று விழுந்தால், வேரைத் தொடாமல் எடுத்து, தேய்த்துக் கழுவாமல், பாலில் இட்டு, இயன்றவரை அரைமணி நேரத்துள் பல்வைத்தியரிடம் கொண்டுசெல்க. பல வேளை அதனையே மீண்டும் நாட்டலாம்.

அடுத்த முறை பல்வலி வந்து வைத்தியரை நாடும்போது, "இதைப் பிடுங்கிவிடுங்கள்" என்று சொல்வதற்கு முன், "இதைக் காக்க முடியுமா?" என்று கேளுங்கள். முடியுமானால் ஒரு முடியோடு காரியம் முடிந்துவிடும். பிடுங்கிய பின்னரோ, அயலில் நிற்கும் இரண்டு நல்ல பற்களிடம் அல்லவா நாம் கடன் கேட்க நேரும்?